தரகரும் அவரே, சந்தையும் அவருடையதே!

பாகான் டத்தோவில் என் அத்தை வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் காய்ச்சி விற்கிறார். போன மாதம் இணையத்தளங்களில் விளம்பரம் செய்ய 50 ரிங்கிட் கட்டினார். “ரேடியோவுல வேலை செய்யுறியே, இந்த அம்பது வெள்ளியில தரகு எவ்வளவு போச்சுன்னு சொல்லுப்பா” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வானொலியில் கணக்கு எளிது. 30 விநாடிக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் இருக்கும். இணையத்தில் அப்படியில்லை. நீங்கள் ஒரு செய்தித்தளத்தைத் திறக்கும் கண நேரத்தில், அதிலுள்ள விளம்பர இடம் ஏலத்துக்குப் போகிறது. உங்கள் ஊர், நீங்கள் தேடிய பொருள் எல்லாம் அங்கே விலையைத் தீர்மானிக்கின்றன.

தேங்காய் விற்கும் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே தரகர், சந்தையும் அவருடையதே என்றால், காய் எண்ணுவது யார்? இணைய விளம்பரத்தில் கூகுளுக்கு அந்த மூன்று இடத்திலும் கால் இருக்கிறது.

2025 ஏப்ரல் 17-ஆம் தேதி அமெரிக்க நீதிபதி லியோனி பிரின்கெமா இதில் தீர்ப்பு வழங்கினார். செய்தித்தளங்கள் விளம்பர இடத்தை விற்கப் பயன்படுத்தும் மென்பொருளிலும், ஏலச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் செலுத்தியது என்றார். அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் 295 கோடி யூரோ அபராதம் விதித்தது. கூகுள் இரண்டையும் ஏற்கவில்லை.

நம் நாட்டிலும் 2010-ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் இருக்கிறது. ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தும் நிறுவனத்துக்கு உலகளாவிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். 2019 அக்டோபரில் மலேசியப் போட்டி ஆணையம், ஓட்டுநர்கள் போட்டி நிறுவனங்களுக்கு விளம்பரம் செய்யத் தடை போட்டதாகக் கூறி, கிரேப் மீது 8 கோடியே 67 லட்சம் ரிங்கிட் அபராதம் விதிக்க உத்தேசித்தது. கிரேப் நீதிமன்றம் சென்றது.

இதில் நமக்கென்ன? செய்தித்தளத்துக்குச் சேர வேண்டிய காசு தரகில் கரைந்தால், தமிழ்ச் செய்தி எழுத ஆள் வைக்க முடியாது. கூடும் விளம்பரச் செலவு கடைசியில் பொருளின் விலையில்தான் ஏறும்.

நம் கையிலும் ஓர் உரிமை உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி, ‘நேரடி விளம்பரத்துக்கு என் விவரங்களைப் பயன்படுத்தாதே’ என்று ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கலாம்.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். “காயை எண்ணிக் காட்டாத தரகர்கிட்ட உங்க மாமா ஒரு தடவைகூட வித்ததில்ல” என்றார்.