றோடிங் ஆற்றில் இராத்தூண்டில்: ஊரில் வழமை, இங்கு குற்றம்

இல்ஃபோர்ட்டில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். இரணைமடுக் குளத்தின் அலைகரையில் வளர்ந்தவர். 2009 இல் வீடு வளவு எல்லாவற்றையும் இழந்து, சில ஆண்டுகளின் பின் இங்கே மகனிடம் வந்து சேர்ந்தார். மகனும் மருமகளும் வேலைக்கு, பேரன் பள்ளிக்கூடத்துக்கு. ஐயா பகல் முழுவதும் யன்னலோடுதான். ஒருநாள் நடந்து போனவர் றோடிங் ஆற்றைக் கண்டுவிட்டார். அன்று பின்னேரம் என்னைக் கண்டதும், "தம்பி, இஞ்ச ஆறு ஓடுதெல்லோ! மீனும் துள்ளுது. ஒருத்தரும் பிடிக்கேல்லையே?" என்று கேட்ட முகத்தை நான் மறக்கவில்லை.

எசெக்ஸ் வயல்வெளிகளில் தொடங்கி, இல்ஃபோர்ட்டைத் தொட்டுக்கொண்டு பார்க்கிங் பக்கமாகப் போய்த் தேம்ஸில் விழுகிற ஆறு அது. இதன் கீழ்ப்பகுதிக்கு முற்காலத்தில் ஹைல் என்று பெயர். அந்த ஹைலை நடந்து கடக்கும் துறையே இல்ஃபோர்ட். எங்கள் ஊர்ப்பெயருக்குள்ளேயே ஆறு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

ஐயா செய்தது

ஊரில் கெளிறும் வாளையும் சுங்கானும் இரவிலேதான் இரை தேடும். ஆகவே பொழுதுபடும் நேரம் தடித்த நூலில் தூண்டிலைக் கட்டி, கரையில் தடி குற்றி முடிந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். விடிய வந்து இழுத்துப் பார்ப்பார்கள். இரைக்கு மண்புழு, தவளைக்குஞ்சு, சின்ன மீன். சின்ன மீனைப் பிடிக்கச் சிறுவர் இருவர் சாரத்தை விரித்து ஆழமில்லாத தண்ணீரில் அள்ளினால் போதும். மீன் துடிக்கத் துடிக்கக் கிடந்தால்தான் பெரிய மீன் வரும். மீசையுள்ள இந்த மீன்களுக்குக் கண்பார்வை குறைவு. தண்ணீரின் அதிர்வையும் இரையின் மணத்தையும் கொண்டே வேட்டையாடுகின்றன. ஐயாவின் கைவேலையில் பிழையே இல்லை.

அந்த ஆடி மாதம் ஒரு மாலையில் நாலு தூண்டில் கட்டினார். விடிய ஐந்து மணிக்குப் பேரனையும் கூட்டிக்கொண்டு போனார். மூன்று தூண்டிலில் ஒன்றுமில்லை. நாலாவது கரையோரப் புல்லுக்குள் ஒதுங்கிக் கிடந்தது. அதிலே ஒரு நீர்க்கோழி. புழுவை விழுங்கி, நூலில் சிக்கி, இரவு முழுக்க அடித்துச் செத்திருந்தது. அதைக் கழற்றிக்கொண்டு இருக்கையிலேதான் சீருடையோடு ஓர் உத்தியோகத்தர் வந்து நின்றார்.

பத்து வயதுப் பேரன்தான் மொழிபெயர்ப்பாளர். பெயர், விலாசம் கேட்டார்கள். தூண்டில்கள் பறிமுதல். உத்தியோகத்தர் மரியாதையாகவே பேசினாராம். ஆனாலும் ஐயாவின் அகதி விண்ணப்பம் அப்போது முடிவாகாத நேரம். நீதிமன்றக் கடிதம் வந்தபோது அதை மூன்று நாள் சாமிப்படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். மகன் தற்செயலாகக் கண்டபடியால், சட்டத்தரணியிடம் காட்டி, நடந்ததை மறைக்காமல் எழுதி, தண்டப்பணத்தோடு விடயம் முடிந்தது. கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டிருந்தால் அவர் இல்லாமலே வழக்கு முடிந்திருக்கும். வாசகர்களே, இப்படியொரு கடிதம் வந்தால் ஒளிக்காதீர்கள். அன்றே ஒருவரிடம் காட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் 1975 ஆம் ஆண்டின் சமன், நன்னீர் மீன்பிடிச் சட்டம், இரை கோத்துக் கவனிப்பாரின்றி விடப்படும் தூண்டில் வரிசையைத் தடை செய்கிறது. தடியோடு கூடிய தூண்டில் என்றாலும், இரையைத் தண்ணீரில் விட்டுவிட்டு அப்பால் போவது குற்றம். காரணத்தை அந்த நீர்க்கோழி சொல்லிவிட்டது. ஆள் பக்கத்தில் இருந்தால் தேவையற்ற உயிரை உடனே கழற்றி விடலாம்.

அடுத்தது அனுமதிப்பத்திரம். 13 வயதும் அதற்கு மேலும் உள்ள எவரும் நன்னீரில் தூண்டில் போடுவதற்குச் சுற்றாடல் முகவரகத்தின் தூண்டில் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். 13 முதல் 16 வயது வரையானோருக்கு 2017 முதல் அது இலவசம். ஆனால் பெயர் பதிந்து எடுத்தே ஆகவேண்டும். ஒருநாள், எட்டு நாள், ஓராண்டு என மூன்று வகை உண்டு. அரசாங்க இணையத்தளத்தில் எடுக்கலாம். பத்திரமின்றிப் பிடித்தால் தண்டம் 2,500 பவுண் வரை போகலாம். பத்திரம் இருந்தாலும், அந்தக் கரைக்கு உரிமையாளரோ சங்கமோ இருந்தால் அவர்களின் அனுமதி வேறு.

ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடைக்காலம். மீன் சினைவிடும் பருவம் அது. குளங்களிலும் ஏரிகளிலும் பெரும்பாலும் உரிமையாளர் வைத்ததே விதி.

உயிரிரை பற்றி

ஓரிடத்தில் பிடித்த சின்ன மீனை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய் இரையாக்கக் கூடாது. எந்த நீரில் பிடித்ததோ அந்த நீரிலேயே பாவிக்க வேண்டும். நோயும் அந்நிய மீனினமும் பரவாமல் இருக்கவே இந்தக் கட்டுப்பாடு. பல ஏரிகளில் உயிர்மீன் இரை முற்றாகவே தடை. நன்னீர் இறாலை உயிரோடும் சரி, செத்ததும் சரி, இரையாக்க முடியாது. சாரம் விரித்து, வலை போட்டு மீன் அள்ளுவதற்கும் தனி அனுமதி தேவை.

எமக்கு மிஞ்சுவது மண்புழு. அதுவும் நல்ல இரைதான். மழை பெய்த இரவில் வீட்டுத் தோட்டப் புல்லில் ரோர்ச் அடித்து மெல்ல நடந்தால் பெரிய புழுக்கள் மேலே நீட்டிக்கொண்டு கிடக்கும். இழுத்து அறுக்காமல், பிடித்தபடி சற்றுப் பொறுத்தால் தானே இளகி வரும். ஈரப் பத்திரிகைத் தாளும் உக்கிய இலையும் போட்ட பெட்டியில் குளிரான இடத்தில் வைத்தால் பல நாள் இருக்கும். பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டு.

கெளிறு எங்கே?

இங்கே பெரிய கெளிறு உண்டு. வெல்ஸ் என்பார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த இனம். 1880 இல் பெட்ஃபோர்ட் கோமகனின் வோபர்ன் அபே ஏரிகளில் விடப்பட்டது. கள்ளமாகக் கொண்டுவந்து விடுவது கூடிப் போனதால், 2000 ஆம் ஆண்டில் பிரித்தானியச் சாதனைப் பட்டியலிலிருந்தே இம்மீனை எடுத்துவிட்டார்கள். ஆகவே இதை ஆற்றில் தேடாமல், கெளிறு விட்டிருக்கிற கட்டண ஏரிக்குப் போவதே முறை. ஊர்க் கெளிற்றைப்போல முள்ளால் குத்திக் கடுக்க வைக்காது. ஆனால் வாய்க்குள் அரம் போன்ற சிறு பற்கள். உறுதியான நூல், முள்ளில்லாத தூண்டில், மீனைக் கிடத்த ஈரமான பாய் ஆகியன வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப விடவேண்டும்.

"பிடிச்சதை விடுறதோ? பிறகென்னத்துக்குப் பிடிக்கிறது?" என்று ஐயா கேட்டார். எல்லோரும் கேட்கும் கேள்விதான். ஆற்றில் ரோச், பேர்ச் போன்ற குறித்த சில இனங்களில் 20 சதமமீற்றர் வரையான சிறு மீன் நாளொன்றுக்கு 15 எடுக்கலாம் என விதி இருந்தாலும், சங்கமோ உரிமையாளரோ மறுத்தால் அதுவும் இல்லை. விலாங்கு பிடிபட்டால் எங்கும் திரும்ப விட்டே ஆகவேண்டும். அத்துடன் றோட்டுக் கழிவும் சாக்கடையும் சேருகிற ஆற்று மீனைக் குழந்தைகளுக்குச் சமைப்பதில் என்ன நன்மை? குழம்புக்கு இல்ஃபோர்ட் லேன் கடைகள் இருக்கின்றன.

சில எச்சரிக்கைகள்

எலிக்காய்ச்சல் ஊரில் வயலோடு போய்விட்டதென்று எண்ண வேண்டாம். இங்கும் ஆற்று நீரில் வரலாம். கைக்காயத்தை மூடுங்கள், சாப்பிடுமுன் கை கழுவுங்கள். கீழ் றோடிங் வற்றுப்பெருக்குள்ள பகுதி. சேறு காலை இழுக்கும். பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். கார்பன் தடி மின்சாரத்தைக் கடத்தும், மின்கம்பிக்குக் கீழே நிமிர்த்தக் கூடாது. சிறு ஈயக் குண்டுகள் அன்னங்களைக் கொன்றபடியால் 1987 முதல் தடை. கடையில் மாற்று உலோகம் கேளுங்கள்.

ஐயா இப்போது பத்திரத்தை மழைப்பை ஒன்றில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் பேரனோடு எசெக்ஸ் பக்கத்து ஏரியொன்றுக்குப் போகிறார். பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவரோடு பாஷை தெரியாமலே நட்பு. சென்ற மாதம் பேரனின் உயரத்துக்கு ஒரு கெளிறு பிடிபட்டது. இருவருமாகத் தூக்கிப் படம் எடுத்துவிட்டு, தண்ணீருக்குள் மெதுவாக இறக்கினார்களாம்.

"வாலால ஒரு அடி அடிச்சிட்டுப் போச்சுது தம்பி, முகமெல்லாம் தண்ணி" என்று சிரித்தார். பிறகு சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "அந்த நீர்க்கோழியைத்தான் என்னால மறக்கேலாமக் கிடக்கு."