டப்ளின் டேட்டா சென்டரில் வேலை: ஸ்பான்சர்ஷிப் உண்மையில் எப்படி நடக்கிறது?

கொஞ்ச நாளாக இன்பாக்ஸில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இதுதான்: "அண்ணா, அம்பத்தூர்ல ஒரு டேட்டா சென்டர்ல நாலு வருஷமா ஷிஃப்ட் எஞ்சினியரா இருக்கேன். வெளிநாட்டுல ஸ்பான்சர்ஷிப் தர்ற கம்பெனி லிஸ்ட் இருக்கா?"

லிஸ்ட் இருக்கு. எங்கே பார்ப்பது என்றும் சொல்றேன். ஆனால் லிஸ்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இருநூறு அப்ளிகேஷன் போட்டால் பெரும்பாலும் ஒரு பதிலும் வராது. ஸ்பான்சர்ஷிப் என்பது கம்பெனி உங்களுக்குச் செய்யும் உதவி என்று நினைத்துத் தேடுகிறோம். நிஜத்தில் அது ஒரு குறிப்பிட்ட பதவிக்கு, ஒரு குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல், கம்பெனி செய்து முடிக்க வேண்டிய ஒரு பேப்பர் வேலை. அந்தப் பேப்பர் என்ன என்று உங்களுக்குத் தெரிந்தால், எந்த வேலைக்கு அப்ளை பண்ணலாம், எதை விட்டுவிடலாம் என்று நீங்களே முடிவு பண்ணலாம். எல்லா நாட்டையும் மேலோட்டமாகத் தொடுவதைவிட ஒரு நாட்டை முழுசாகப் பார்ப்போம். இன்றைக்கு அயர்லாந்து.

முதலில், எந்த வேலை?

நான் சாஃப்ட்வேர் ஆள். "கிளவுட்" என்று நாங்கள் சொல்வது கடைசியில் ஒரு கட்டடம்தான். அந்தக் கட்டடத்தில் சர்வரை விடப் பெரிய வேலை கரன்ட்டும் குளிரும். ஹெச்டி பேனல், டிரான்ஸ்ஃபார்மர், யூபிஎஸ், பேட்டரி, டீசல் ஜெனரேட்டர், சில்லர், இதையெல்லாம் கண்காணிக்கும் பிஎம்எஸ். சர்வர் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடுவதற்கு இத்தனையும் பின்னால் ஓட வேண்டும்.

அதனால் "டேட்டா சென்டர் எஞ்சினியர்" என்ற பெயரில் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, ஃபெசிலிட்டி எஞ்சினியர். கட்டடத்தின் மின்சாரமும் குளிரூட்டலும் இவர் பொறுப்பு. படிப்பு பெரும்பாலும் ட்ரிபிள் ஈ அல்லது மெக்கானிக்கல். இரண்டு, கமிஷனிங் எஞ்சினியர். புதுக் கட்டடத்தை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் முன், கரன்ட்டை வேண்டுமென்றே துண்டித்து எல்லாம் சரியாக மாறுகிறதா என்று சோதிப்பவர். மூன்று, சர்வர், கேபிள், நெட்வொர்க் பார்க்கும் டெக்னீஷியன்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், பெர்மிட் தருகிற அரசு "டேட்டா சென்டர்" என்ற வார்த்தையைப் பார்ப்பதில்லை. தொழில் வகையைப் பார்க்கிறது. அயர்லாந்தின் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் தொழில் பட்டியலில் எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரும் மெக்கானிக்கல் எஞ்சினியரும் இருக்கிறார்கள். அதே கட்டடத்தில் "டெக்னீஷியன்" என்று விளம்பரம் செய்யப்பட்ட வேலை அந்தப் பட்டியலில் பொருந்தாமல் போகலாம். வேலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும், பெர்மிட் விஷயத்தில் இரண்டும் வேறு வேறு.

ஏன் டப்ளின்?

டப்ளினின் மேற்குப் பக்கம் கிரேஞ்ச் காசில் என்று ஒரு தொழிற்பேட்டை. மைக்ரோசாஃப்ட், கூகுள் இரண்டுக்குமே அங்கே பெரிய டேட்டா சென்டர்கள் உண்டு. அமேசான், மெட்டா, ஈக்வினிக்ஸ், டிஜிட்டல் ரியால்ட்டி எல்லாரும் டப்ளினைச் சுற்றி இருக்கிறார்கள். எவ்வளவு பெரிய விஷயம் என்றால், 2023-ல் அந்த நாட்டின் மீட்டர் மின்சாரத்தில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்கே போனது. நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து பயன்படுத்தியது 18 சதவீதம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. மின் கட்டமைப்பு தாங்காது என்பதால் 2021 முதல் டப்ளின் பகுதியில் புது டேட்டா சென்டர்களுக்கு மின் இணைப்பு கிடைப்பது கடினமாகிவிட்டது. ஏற்கெனவே ஓடுபவற்றைப் பராமரிக்க ஆள் தேவை குறையாது. ஆனால் கட்டுமான வேலையில் இருக்கும் ஐரிஷ் கம்பெனிகள் ஜெர்மனி, நெதர்லாந்து, நார்டிக் நாடுகள் என்று வெளியிலும் கட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால் ஐரிஷ் கம்பெனியிடமிருந்து ஆஃபர் வந்தால் முதல் கேள்வி: "சைட் எந்த நாட்டில்?" அயர்லாந்து பெர்மிட் அயர்லாந்தில் வேலை செய்யத்தான். ஃப்ராங்க்ஃபர்ட் சைட் என்றால், ஜெர்மனியில் வேலை செய்யும் உரிமைக்கு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேளுங்கள்.

அந்தப் பேப்பரில் என்ன இருக்கு?

பெயர், கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் எம்ப்ளாய்மென்ட் பெர்மிட். முக்கியமான நிபந்தனைகள் இவை:

• வேலை பட்டியலில் இருக்க வேண்டும். அதற்குப் பொருத்தமான டிகிரி வேண்டும்.
• குறைந்தது இரண்டு வருட வேலைக்கான ஆஃபர் வேண்டும்.
• குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் உண்டு. 2024 ஜனவரியில் அதை 38,000 யூரோ ஆக்கினார்கள். இது ஏறிக்கொண்டே போகும் தொகை. நீங்கள் அப்ளை பண்ணும் நாளில் என்ன என்று அரசு தளத்தில் பாருங்கள்.
• பொதுவாக, கம்பெனியின் ஊழியர்களில் பாதிப் பேராவது ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும்.
• விண்ணப்பக் கட்டணம் 1,000 யூரோ. நிராகரித்தால் 90 சதவீதம் திரும்ப வரும்.

இன்னொரு வகை, ஜெனரல் பெர்மிட். அதில் கம்பெனி முதலில் உள்ளூரில் விளம்பரம் கொடுத்து, ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். கிரிட்டிக்கல் ஸ்கில்ஸில் அந்தத் தலைவலி கிடையாது. இந்த ஒரு வித்தியாசம்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். எப்படி என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன்.

கம்பெனியை எங்கே தேடுவது?

நான் சொன்ன லிஸ்ட் இதோ. எந்தெந்தக் கம்பெனிக்கு எத்தனை பெர்மிட் கொடுத்தோம் என்ற கணக்கை அயர்லாந்தின் எண்டர்பிரைஸ் துறை தன் இணையதளத்திலேயே வெளியிடுகிறது. டவுன்லோட் பண்ணி எக்செலில் திறக்கலாம். ஒரு கம்பெனி போன வருஷம் பத்துப் பெர்மிட் வாங்கியிருந்தால், அவர்கள் ஹெச்ஆருக்கு இந்த வேலை பழகியது என்று அர்த்தம்.

அந்த லிஸ்ட்டைப் பார்க்கும்போது கூகுள், மைக்ரோசாஃப்ட் பெயரிலேயே கண் நின்றுவிடக் கூடாது. பல டேட்டா சென்டர்களில் தினசரிப் பராமரிப்பைச் செய்வது சிபிஆர்இ, ஜேஎல்எல் மாதிரி ஃபெசிலிட்டி நிறுவனங்கள். கட்டுவதும் கமிஷனிங் செய்வதும் மெர்க்குரி, கிர்பி, வின்த்ராப் மாதிரி எஞ்சினியரிங் கான்ட்ராக்டர்கள். யூபிஎஸ், ஜெனரேட்டர், சில்லர் செய்யும் கம்பெனிகளுக்கும் ஃபீல்டு சர்வீஸ் ஆட்கள் வேண்டும். கட்டடத்தின் பெயர்ப் பலகையில் இருப்பவரை விட, உள்ளே ஸ்பேனர் பிடிப்பவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று பாருங்க.

சிவியில் நம்ம ஊர் பாஷை

இங்கே "ஹெச்டி பேனல்" என்கிறோம். அங்கே "எம்வி ஸ்விட்ச்கியர்". இங்கே "டிஜி", அங்கே "ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர்". இங்கே "பிஏசி", அங்கே "கிராக்" அல்லது "கிரா". சிவியைப் பார்க்கும் ரெக்ரூட்டருக்கு நம்ம ஊர்ச் சுருக்கம் புரியாவிட்டால் அடுத்த சிவிக்குப் போய்விடுவார். வேலை அறிவிப்பில் உள்ள வார்த்தைகளிலேயே உங்கள் வேலையைச் சொல்லுங்கள்.

அடுத்து, எண்கள். "யூபிஎஸ் பராமரித்தேன்" என்பது போதாது. எத்தனை மெகாவாட் சைட், எத்தனை ஜெனரேட்டர், என் பிளஸ் ஒன் அமைப்பா, டூ என் அமைப்பா, நீங்கள் எழுதிய எம்ஓபி எத்தனை, லோட் பேங்க் டெஸ்ட் செய்திருக்கிறீர்களா? இவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தகவல். கம்பெனி ரகசியத்தையும் வாடிக்கையாளர் பெயரையும் மட்டும் தொடாதீர்கள்.

சென்னையில் வேலை பார்த்த அனுபவத்தைக் குறைவாக எடை போட வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஊரே இருட்டில் இருந்தது. அன்றைக்கு ஷிஃப்டில் இருந்து ஜெனரேட்டரில் சைட்டை ஓட்டியிருந்தால், டீசலை எப்படிக் கணக்குப் போட்டீர்கள், மாற்று ஆள் வர முடியாதபோது என்ன செய்தீர்கள் என்பதெல்லாம் இன்டர்வியூவில் சொல்ல வேண்டிய கதை. மின்சாரம் ஒழுங்காக வரும் ஊரில் வேலை பார்த்தவருக்கு அந்த அனுபவம் எளிதில் கிடைக்காது. மறுபக்கம், டப்ளின் குளிர்ந்த ஊர். வெளிக்காற்றையே குளிரூட்டப் பயன்படுத்தும் ஃப்ரீ கூலிங் அங்கே சாதாரணம். அதைப் படித்துவிட்டுப் போங்கள். ஷ்னைடர் எலெக்ட்ரிக் இணையத்தில் இலவசமாகவே டேட்டா சென்டர் பாடங்கள் வைத்திருக்கிறது.

"ஸ்பான்சர்ஷிப் தேவையா?" என்ற கட்டம்

அப்ளிகேஷனில் இந்தக் கேள்வி வந்ததும் எல்லாருக்கும் கை நடுங்கும். "இல்லை" என்று டிக் பண்ணிவிட்டு அப்புறம் பார்த்துக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். ஆஃபர் வரும் நேரத்தில் உண்மை தெரிந்து, நம்பிக்கையும் போய் வேலையும் போகும்.

"ஆம்" என்று போட்டுவிட்டு, கவர் லெட்டரில் மூன்று வரி சேருங்கள்: "இந்தப் பதவி கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பட்டியலில் உள்ள எலெக்ட்ரிக்கல் எஞ்சினியர் வகையில் வருகிறது என்று நினைக்கிறேன். எனக்கு அதற்கான டிகிரி உண்டு. இந்தப் பெர்மிட்டுக்கு உள்ளூர் விளம்பரச் சோதனை தேவையில்லை." நான் ஆயுதம் என்று சொன்னது இதைத்தான். நடுத்தரக் கம்பெனிகளில் பல ஹெச்ஆர்கள் வீசா என்றாலே ஆறு மாசம், வக்கீல், செலவு என்று பயப்படுவார்கள். அந்தப் பயத்தைக் குறைப்பது உங்கள் வேலை. எதிர் அணிக்கு நீங்கள் ஒரு சுமையாகத் தெரியக் கூடாது, ஒரு ஃபார்மாகத் தெரிந்தால் போதும்.

பணம் கேட்டால்?

இந்த எபிசோடில் ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வையுங்கள். "ஸ்பான்சர்ஷிப் லெட்டர் ரெடி, அஞ்சு லட்சம் கட்டுங்க" என்று யாராவது சொன்னால், அங்கே வேலையே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெர்மிட் செலவையும் ஆள் எடுத்த செலவையும் ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பது அயர்லாந்து சட்டம். இந்தியாவில் 1983-ஆம் ஆண்டு எமிக்ரேஷன் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர்கூட 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி, அவ்வளவுதான் வாங்கலாம். ஏஜென்ட்டின் பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். வீட்டு நகையை அடகு வைக்கும் முன் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழியுங்கள்.

ஆஃபர் வந்த பிறகு

குறைந்தபட்சச் சம்பளம் என்பது பெர்மிட்டுக்கான கோடு. அதில் நிம்மதியாக வாழ முடியுமா என்பது தனிக் கணக்கு. 38,000 யூரோ வாங்கும் தனி நபருக்கு, 2025 வரி விகிதப்படி கைக்கு மாதம் சுமார் 2,650 யூரோ வரும். டப்ளினில் புது வாடகை ஒப்பந்தங்களின் சராசரியோ மாதம் 2,000 யூரோவைத் தாண்டிவிட்டது. அறையைப் பகிர்ந்துகொண்டால் ஓடும். குடும்பத்தோடு என்றால் மூச்சு முட்டும். நைட் ஷிஃப்ட் அலவன்ஸ், ஆன் கால் பணம், முதல் மாதத் தங்குமிடம், விமானக் கட்டணம் எல்லாவற்றையும் கையெழுத்துப் போடும் முன் பேசுங்கள்.

பெர்மிட் அந்தக் கம்பெனியோடு கட்டப்பட்டது என்பதும் நினைவிருக்கட்டும். 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி ஒன்பது மாதம் கழித்து வேறு கம்பெனிக்கு மாற வழி இருக்கு. அதனால் அந்த ஒன்பது மாதம் தாங்கக்கூடிய இடமா என்று பார்த்துச் சேருங்கள்: ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், டீமில் எத்தனை பேர், ஏற்கெனவே பெர்மிட்டில் வந்தவர்கள் இருக்கிறார்களா? அவர்களில் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். நல்ல பக்கமும் சொல்லணும்: கணவனோ மனைவியோ உங்களோடு வந்து தனிப் பெர்மிட் இல்லாமலே வேலை செய்யலாம். 21 மாதம் முடிந்ததும் ஸ்டாம்ப் ஃபோருக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் வேலைக்குப் பெர்மிட்டே தேவைப்படாது.

சரி, இந்த வாரத்துக்கு வீட்டுப்பாடம். கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பட்டியலில் உங்கள் தொழில் வகையைக் கண்டுபிடியுங்கள். பெர்மிட் வாங்கிய கம்பெனி லிஸ்ட்டிலிருந்து பதினைந்து பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினைந்துக்கும் தனித்தனியாக சிவி எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.