குட்டி யானைக்கு எந்த என்ஜின்? விலையைப் பார்த்தால் வில்லங்கம்; நம்பரைப் பார்த்தால் நிம்மதி!

அதிகாலை 4 மணி. கோயம்பேடு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு "குட்டி யானை" புறப்பட்டது. மேம்பாலம் ஏறும்போது திணறியது. பின்னால் நீலப் புகை. முன்னால் ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து ஆவி பறந்தது. பாதிப் பாலத்தில் வண்டி நின்றே விட்டது.

வேறு வண்டி பிடித்துத் தக்காளி கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 9. காலை வியாபாரம் முடிந்துவிட்டது. அன்றைய வாடகையும் போச்சு.

அந்த வண்டிக்கு டிரைவரும் ஓனரும் ஒருவரே. வண்டிக்கு வயது 12-ஐத் தாண்டிவிட்டது. மூன்று மாதமாக டீசலோடு ஆயிலையும் சேர்த்துக் குடித்து வந்தது. "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டார். அடுத்த மாதம் பாலத்தில் வந்து நின்றது!

பழைய லோடு வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். என்ஜினை மாற்றுவதா? மாற்றினால் எதைப் போடுவது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

புகை சொல்லும் செய்தி

புகை வந்தாலே என்ஜின் செத்துப் போச்சு என்று அர்த்தம் இல்லை. கரும்புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. ஏர் பில்டர், நாசல், பம்ப் வேலையோடு போகலாம். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். நீலப்புகைதான் வில்லன். ஆயில் எரிகிறது, ரிங், பிஸ்டன் அல்லது வால்வு பக்கம் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

மெக்கானிக் என்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார். குபுகுபு என்று புகை. "தம்பி, பேக் கம்ப்ரஷன் அடிக்குது" என்றார். ஆயில் குச்சியை உருவினார். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தது. "தண்ணியும் கலந்துடுச்சு. பிரிச்சாத்தான் தெரியும்."

"போர் பண்ணினா ஓடாதாண்ணே?"

"பிளாக் நல்லா இருந்தா ஓடும். அதத்தான் மொதல்ல பாக்கணும்."

போர் பண்ணுவதில் ஒரு லாபம் உண்டு. என்ஜின் நம்பர் பிளாக்கில்தான் அடிக்கப்பட்டிருக்கும். பிளாக் மாறாவிட்டால் நம்பர் மாறாது. ஆர்.சி. புத்தகத்தில் கை வைக்க வேண்டியதும் இல்லை. லேத்துக்கு அனுப்பி, பெரிய சைஸ் பிஸ்டன், புது ரிங், பெயரிங் போட்டு, கிராங்க்கையும் ஹெட்டையும் சரி செய்தால் அதே என்ஜின் மறுபிறவி எடுக்கும்.

ஆனால் இந்த வண்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிரித்துப் பார்த்தால் பிளாக்கில் விரிசல்! வேறு என்ஜின்தான் வழி.

பெரிய என்ஜின் ஆசை

ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "கையோட பெரிய என்ஜினா போட்டுடு. பாலம் பறக்கும்" என்றார் ஒருவர்.

2005-ல் வந்த டாட்டா ஏஸ்தான் குட்டி யானை. அதன் பழைய டீசல் என்ஜின் 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரை சக்தி. முக்கால் டன் பாரத்துக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. அதன் அண்ணன் சூப்பர் ஏசில் 1405 சி.சி., நான்கு சிலிண்டர். ஆனால் கிளட்ச், கியர் பாக்ஸ், ஆக்சில், பிரேக் எல்லாம் சின்ன என்ஜினுக்கு ஏற்றவை. வேகம் மட்டும் ஏறி பிரேக் பழையதாகவே இருந்தால், பாலம் ஏறுகிற வண்டி இறங்கும்போது யார் மேல் இறங்கும்?

சட்டமும் விடாது. ஆர்.சி.யில் உள்ள விவரம், கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது.

2017-ல் பி.எஸ்.4, 2020-ல் பி.எஸ்.6 என்று புகை விதி நாடு முழுவதும் மாறியது. புது வண்டிகளில் சென்சாரும் கம்ப்யூட்டரும் இருக்கும். ஒன்றுக்கு இன்னொன்று ஒத்துப் போகாது. அதே கம்பெனி, அதே மாடல், அதே ரகம். இதுதான் பாதுகாப்பு.

புதுப்பேட்டையில் இரண்டு என்ஜின்

கம்பெனி மூலமே புதுப்பித்த என்ஜினைப் பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் வழி இருக்கிறது. வாரண்டி உண்டு, விலையும் உண்டு. கையில் காசு குறைந்தவர்கள் தேடிப் போவது கூவம் கரையில் உள்ள புதுப்பேட்டையை.

நம் டிரைவரும் போனார். புரோக்கர் இரண்டு என்ஜின்களைக் காட்டினார். ஒன்று, ஆர்.சி. ரத்தான வண்டியில் இருந்து கழற்றியது. பில் தருவார்கள். இன்னொன்று அதில் பாதி விலை. பார்க்கவும் பளபளப்பு. ஆனால் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்ட தடம்!

"நம்பர் இன்னாத்துக்குண்ணா? உள்ள மாட்டிட்டா யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்றார் புரோக்கர்.

டிரைவருக்குச் சபலம் தட்டியது. மிச்சமாகிற பணம் பெண்ணின் பள்ளிக்கூடக் கட்டணம். கூட வந்த மெக்கானிக் கையைப் பிடித்து இழுத்தார். "அந்தப் பணத்த அப்புறம் வக்கீலுக்குக் கட்டுவ. வா தம்பி" என்றார்.

அவர் சொன்னது உண்மை. எப்.சி.க்குப் போனால் குனிந்து பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் நம்பரைக் கேட்கும். அது திருட்டு வண்டி என்ஜினாக இருந்தால் போலீசார் வீட்டு வாசலுக்கே வருவார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அரம் போட்ட நம்பரைப் பார்த்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று எப்படிச் சொல்வது?

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பில் உள்ள என்ஜினையும் கண்ணை மூடி வாங்கவில்லை. தரையில் வைத்தே பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டச் சொன்னார் மெக்கானிக். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று தொட்டுப் பார்த்தார். சூடான என்ஜின் சுலபமாக ஸ்டார்ட் ஆகும், நோயை மறைக்கும். ஆயில் மூடியைத் திறந்தார். குச்சியை உருவினார். கிராங்க்கை ஆட்டிப் பார்த்தார். பிளாக்கில் வெல்டிங் தடம் தேடினார். நம்பரைத் துடைத்து, பில்லில் உள்ள நம்பரோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தார்.

மாட்டும்போதே டைமிங் பெல்ட், தண்ணீர் ஹோஸ், என்ஜின் மவுண்டிங் ரப்பர் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டார். ரேடியேட்டரையும் சுத்தம் செய்தார். பழைய என்ஜினைக் கொன்ற ரேடியேட்டர் புதியதையும் கொல்லும்!

ஆர்.டி.ஓ. ஆபீசை மறக்காதே

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதற்குத்தான். ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று மாற்ற வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வண்டிக்கு கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொரு கணக்கும் உண்டு. 8 வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. 15 வயது தாண்டினால் கட்டணம் பல மடங்கு. சேசிசும் கேபினும் துருப்பிடித்துப் போன வண்டிக்குப் பெரும் பணம் போட்டு என்ஜின் மாட்டுவது வீண்.

இந்த வண்டியின் சேசிஸ் உறுதியாக இருந்தது. அதனால்தான் மெக்கானிக் சம்மதித்தார். பில் உள்ள என்ஜின் ஏறியது. ஆர்.சி.யிலும் புது நம்பர் ஏறியது. வட்டிக்கு வாங்கிய பணம் இன்னும் பாக்கிதான்.

ஆனால் அதிகாலையில் பாலத்தில் போலீஸ்காரர் கை காட்டினால், இப்போது டிரைவர் பயப்படுவதில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஆர்.சி.யை எடுத்து நீட்டுகிறார்!