உருது மொழியில் கிரேக்கத் தெய்வங்களும் கிரேக்க நகைச்சுவையும்

கிரேக்கர்களின் அறிவுச் செல்வம் உருது மொழிக்கு ஏதென்ஸிலிருந்து நேராக வரவில்லை. சிரியாக், அரபு, பாரசீகம் ஆகிய மொழிகளின் வழியே, ஒவ்வொன்றிலும் ஒலியும் பொருளும் சிறிது மாறியே வந்து சேர்ந்தது. சங்க நூல்களில் 'யவனர்' என்று வழங்கும் பெயருக்கு மூலமான ஐயோனியா என்னும் கடற்கரை நாடு, அரபிலும் உருதுவிலும் 'யூனான்' ஆயிற்று. தமிழ்நாட்டிலும் பலர் அறிந்த யுனானி மருத்துவம் அப்பெயரால் அழைக்கப்படுவதே. சொல்லின் முதலில் இரு மெய்கள் கூடி வருவதை அரபு ஏற்காது, வல்லொலிப் பகரமும் அம்மொழியில் இல்லை என்பதால் பிளாட்டோ 'அஃப்லாதூன்' ஆனார். அரிஸ்டாட்டில் 'அரஸ்தூ' என்றும், சாக்ரடீஸ் 'சுக்ராத்' என்றும், ஹிப்போகிரட்டீஸ் 'புக்ராத்' என்றும் உருமாறினர். அலெக்சாந்தர் என்ற பெயரின் முதலில் நின்ற 'அல்', அரபின் சுட்டு இடைச்சொல்லாகக் கருதப்பட்டுப் பிரிக்கப்பட்டதால் எஞ்சியது 'இஸ்கந்தர்', அதுவே 'சிக்கந்தர்'. இப்பெயர்கள் உருதுப் பேச்சில் எவ்வளவு ஊறிவிட்டன என்றால், தன்னை மேதாவியாகக் காட்டிக்கொள்பவனை 'அஃப்லாதூன்' என்று கேலி செய்வது இன்றும் வழக்கம்.

தத்துவ அறிஞர்களுக்குத் திறந்த இக்கதவு ஸீயஸ், அப்போலோ முதலிய தெய்வங்களுக்குத் திறக்கவில்லை. எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை பாக்தாதில் நடந்த பெரும் மொழிபெயர்ப்புப் பணி மருத்துவம், வானியல், தருக்கம், தத்துவம் ஆகியவற்றையே முதன்மையாக நாடியது; பல தெய்வங்களின் காதலும் பூசலும் நிறைந்த காப்பியங்களைப் பெயர்க்க ஆதரவாளர் எவரும் முன்வந்திலர். ஹோமரின் பெயர் அறியப்பட்டிருந்தும், இலியட் காப்பியம் முழுமையாக அரபில் அச்சேறியது 1904-இல், சுலைமான் அல்புஸ்தானியின் மொழிபெயர்ப்பில்தான்.

ஆயினும் தெய்வக் கதை மாந்தர் சிலர் வானியலின் வழியே உள்ளே நுழைந்துவிட்டனர். கிரேக்க வானியலர் டாலமியின் விண்மீன் பட்டியலைத் தழுவி அப்துர் ரஹ்மான் அல்சூஃபி 964-இல் எழுதிய நூலில், கடற்பூதத்திற்கு இரையாகக் கட்டப்பட்ட இளவரசி ஆந்திரோமீடா 'சங்கிலியிட்ட பெண்' என்றும், அவள் தாய் காசியோப்பியா 'நாற்காலிக்குரியவள்' என்றும் குறிக்கப்படுகின்றனர். பாம்புக் கூந்தல் கொண்ட மெதூசாவின் வெட்டுண்ட தலை 'ரஃஸுல் கூல்', அதாவது பேயின் தலை, எனப் பெயர் பெற்றது. அந்நூலின் ஓவியங்களில் அது தாடி வைத்த ஆண் பேயின் தலையாகவே வரையப்பட்டது. கதை கழன்றுபோய்க் கோலம் மட்டும் தங்கிய இந்நிலையே உருது வாசகருக்கும் மரபாக வந்தது.

கோள்களின் நிலை இன்னும் சிக்கலானது. கிரேக்கர் தம் காதல் தெய்வமான அஃப்ரோதித்தேக்கு உரியதாகக் கொண்ட வெள்ளிக் கோள் உருதுக் கவிதையில் 'ஜுஹ்ரா', வானுலகின் பாடகி. ஏரஸுக்கு உரிய செவ்வாய் 'மிர்ரீக்', வானத்தின் கொலையாளி. ஹெர்மஸுக்கு உரிய புதன் 'உதாரித்', வானத்தின் எழுத்தர். இப்பாத்திரங்களில் பாபிலோனிய, ஈரானிய மரபுகளும் கலந்துள்ளன. ஆகவே அஃப்ரோதித்தேயை 'ஜுஹ்ரா' என்று ஒரே சொல்லால் விளக்கும் உரையாசிரியர், காதல் தெய்வத்தை எடுத்துவிட்டு இசைக் கலைஞரை அங்கே அமர்த்துகிறார் என்றே சொல்ல வேண்டும். தொன்மக் கதைகளைக் குறிக்க உருதுவில் 'அஸாதீர்' என்ற அரபுச் சொல்லோடு 'தேவ்மாலா' என்ற இந்தியச் சொல்லும் வழங்குவது சுவையான செய்தி.

நகைச்சுவை நாடகத்தின் பயணமே எல்லாவற்றிலும் விந்தையானது. களியாட்ட ஊர்வலத்தைக் குறிக்கும் 'கோமோஸ்', பாடலைக் குறிக்கும் 'ஓடே' ஆகிய இரண்டும் சேர்ந்து பிறந்த சொல் 'கோமோடியா'. ஏதென்ஸில் தியோனிசஸ் என்னும் மதுத் தெய்வத்தின் விழாவில் இந்நாடகங்கள் நடந்தன. இடையே குழுப்பாடகர் கதையை நிறுத்திவிட்டு மக்களை நோக்கி ஊர் அரசியலைப் பேசும் பகுதிக்கு 'பராபாஸிஸ்' என்று பெயர். கி.மு. 405-இல் அரங்கேறிய 'தவளைகள்' நாடகத்தில் அரிஸ்டோஃபனஸ், தியோனிசஸையே அவருடைய விழாவில் கோழையாகவும் கோமாளியாகவும் காட்டினார்.

இவ்வகை அரங்கைக் கண்டிராத பாக்தாதில், 940-இல் மறைந்த அபூ பிஷ்ர் மத்தா, அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' நூலைச் சிரியாக் மொழியிலிருந்து அரபில் பெயர்த்தபோது, துன்பியலை 'மதீஹ்' (புகழ்ப்பாட்டு) என்றும், இன்பியலை 'ஹிஜா' (வசைப்பாட்டு) என்றும் எழுதினார். இதைப் பிழை என்று மட்டும் ஒதுக்குவது நியாயமன்று. உயர்ந்தோரைப் போற்றிய கவிஞர் துன்பியலுக்கும் வசை பாடியோர் இன்பியலுக்கும் முன்னோடிகள் என்று அரிஸ்டாட்டிலே கூறியிருக்கிறார். பின்வந்த தத்துவ அறிஞர் இப்னு சீனா கிரேக்கச் சொற்களையே ஒலிபெயர்த்து ஆண்டார். இப்னு ருஷ்தோ புகழும் வசையும் என்ற விளக்கத்தை அரபுக் கவிதைகளைச் சான்றாக வைத்து விரித்தெழுதினார். அவ்வுரை 1256-இல் லத்தீனுக்குப் போய் ஐரோப்பியரையும் அதே வழியில் நடத்தியது. இச்சொற்களுக்குப் பொருள் தேடிய இப்னு ருஷ்தின் முயற்சியையே அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் ஒரு சிறுகதையாக்கினார்.

உருதுவில் 'ஹஜ்வ்' எனப்படும் வசைக்கவிதை பதினெட்டாம் நூற்றாண்டில் கவிஞர் சௌதாவின் கையில் உச்சம் கண்டது. எலும்பும் தோலுமான ஒரு குதிரையை அவர் எள்ளிய கவிதை புகழ்பெற்றது. நாடக மேடையோ பத்தொன்பதாம் நூற்றாண்டில், லக்னோவின் 'இந்தர் சபா' நாடகம், பார்சி நாடகக் குழுக்கள் ஆகியவற்றோடுதான் வளர்ந்தது. அக்குழுக்கள் முதன்மைக் கதைக்கிடையே செருகிய சிரிப்புக் காட்சிக்கு 'காமிக்' என்றே பெயர். கல்வி நூல்கள் பின்னர் மகிழ்வைக் குறிக்கும் 'தரப்' என்பதிலிருந்து 'தர்பியா' என்றும், துயரைக் குறிக்கும் 'அலம்' என்பதிலிருந்து 'அல்மியா' என்றும் சொற்களை ஆக்கிக்கொண்டன. தமிழின் இன்பியல், துன்பியல் ஆகியவை அமைந்த முறையும் இதுவே. அங்கதத்திற்குத் 'தன்ஸ்', தீங்கற்ற நகைக்கு 'மிஸாஹ்' என்ற பாகுபாடு தெளிவாக உள்ளது. ஆனால் ஒன்றும் அறியாதவன்போல் நடித்து எதிராளியை மடக்கும் 'ஐரோன்' என்ற கிரேக்கப் பாத்திரத்தின் தந்திரத்தையும் பெரும்பாலும் 'தன்ஸ்' என்ற அதே சொல்லே சுமக்க நேர்கிறது.

அரிஸ்டோஃபனஸை உருது வாசகருக்கு அறிமுகம் செய்வோர் 'தர்பியா' என்ற புதுச்சொல்லோடு நிற்காமல் 'ஹஜ்வ்' என்ற பழஞ்சொல்லையும் துணைக்கு அழைப்பது நல்லது. அரசியல்வாதிகளைப் பெயர் சொல்லித் தாக்கிய அந்த நாடகங்களுக்கு, மகிழ்ச்சியைச் சுட்டும் சொல்லைவிட வசையைச் சுட்டும் சொல்லே நெருக்கமானது.