வீட்டிலேயே மிதிவண்டி பழுது நீக்கம்: தரமான கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 45 சதவீதக் குடும்பங்களிடம் மிதிவண்டி இருந்தது. வேலைக்கும் பள்ளிக்கும் அதை மட்டுமே நம்பியிருப்போருக்குச் சிறு பழுதுகூட ஒரு நாள் கூலியையோ வகுப்பையோ இழக்கச் செய்யும். இத்தகைய பழுதுகளை வீட்டிலேயே சரிசெய்யச் சில கருவிகள் போதும். ஆனால், அவை தரமானவையாக இருப்பது அவசியம்.

மலிவான கருவியால் என்ன ஆபத்து?

மென்மையான இரும்பில் செய்த ஸ்பேனரின் வாய், அழுத்தம் கொடுக்கும்போது விரிந்துவிடும். அதனால் நட்டின் முனைகள் மழுங்கிப்போகும். பிறகு அதைக் கழற்றவும் முடியாது, முழுமையாக இறுக்கவும் முடியாது. பிரேக்கைத் தாங்கும் நட்டுக்கு இந்த நிலை ஏற்பட்டால், அது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

எவற்றை வாங்க வேண்டும்?

ஸ்பேனர்: எல்லா அளவுக்கும் பொருந்தும் ஒரே ஸ்பேனர் எளிதில் வழுக்கும். உங்கள் வண்டியின் நட்டுகளை அளந்து, அதே அளவுள்ள ரிங் ஸ்பேனர்களை வாங்குவதே நல்லது. 'குரோம் வனேடியம்' என்று பொறிக்கப்பட்டவை உறுதியானவை. பெடலைக் கழற்றப் பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் தேவைப்படும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் அமைந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஆலன் கீ: புதிய வகை மிதிவண்டிகளுக்கு 4, 5, 6 மி.மீ. அளவுகள் அதிகம் பயன்படும். முனைகள் கூர்மையாக உள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பம்ப்: பழைய வகை வண்டிகளின் வால்வும் புதிய வகை வண்டிகளின் வால்வும் வேறுபடும். உங்கள் டியூபின் வால்வுக்குப் பொருந்துவதை, இயன்றால் காற்றழுத்த மானியுடன் வாங்கலாம். எவ்வளவு காற்று நிரப்பலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். டயரைக் கழற்றும் லீவர் இரண்டும் பஞ்சர் ஒட்டும் பொருட்களும் உடன் இருக்க வேண்டும்.

இரும்பு அளவுகோல்: செயின் தேய்மானத்தை அறிய இதுவே போதும். புதிய செயினில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 1/16 அங்குலம் கூடினாலே செயினை மாற்றுவது நல்லது. தாமதித்தால் பற்சக்கரமும் தேய்ந்து செலவு பெருகும்.

எங்கே வாங்கலாம்?

தரமான கருவிக்கு வெளிநாட்டுப் பொருளைத் தேட வேண்டியதில்லை. மிதிவண்டித் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற லூதியானாவும் அருகிலுள்ள ஜலந்தரும் கைக்கருவி உற்பத்தியிலும் முன்னணியில் உள்ளன. 30 கருவிகள் அடங்கிய மலிவான பெட்டியைவிட, தேவையான ஐந்தாறு கருவிகளைத் தனித்தனியாக வாங்குவதே சிக்கனம்.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

சக்கரக் கோணலை நிமிர்த்துதல், ஹைட்ராலிக் பிரேக், பெடல் அச்சின் பேரிங் ஆகியவற்றுக்குத் தனிக் கருவிகளும் பயிற்சியும் தேவை. அவற்றை மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பானது. வீட்டில் எந்தப் பழுதை நீக்கினாலும், சாலையில் இறங்கும் முன் வண்டியைத் தள்ளிப் பார்த்து, இரு பிரேக்குகளும் பிடிக்கின்றனவா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.