நம்பகமற்ற கதைசொல்லியும் வாசகரின் ஐயமும்

கதைசொல்லியை ஐயுற்று வாசிக்கும் முறைக்கு, ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்னும் கலைச்சொல்லை 1961இல் வேய்ன் பூத் வழங்கினார். அவ்வையம் எப்போதும் நேர்மையானதுதானா என்னும் வினாவைப் பவுலா ஹாக்கின்ஸின் ‘தி கேர்ள் ஆன் தி டிரெயின்’ (2015) நாவல் எழுப்புகின்றது. ரேச்சல் குடிக்கு அடிமையானவள். குடித்த இரவுகள் பல அவள் நினைவில் இல்லை. காவலர் அவளை நம்புவதில்லை; நாமும் நம்புவதில்லை. அந்நினைவு வெற்றிடங்களைப் பொய்யால் நிரப்பியவனோ முன்னாள் கணவன் டாம். கோல்ப் மட்டையால் அவனைத் தாக்க முனைந்ததாக அவன் கூறியதை அவள் ஏற்றுக்கொள்கின்றாள். எனினும், அந்நிகழ்வை எண்ணுகையில் அவளுள் எழுவது சினமன்று, அச்சம். ஆசிரியர் மறைக்காமல் வைத்த தடயம் இது. குடிகாரியின் குழப்பம் என்றெண்ணி நாம்தான் அதனைக் கடந்துவிடுகின்றோம். மறுவாசிப்பில், அவள் கண்டது எது, டாம் சொல்லிக் கேட்டது எது எனப் பிரித்தறிதல் வேண்டும்.