ஒரு கையெழுத்து, இருவர் வருமானம்

வெளிநாட்டில் வசிக்கும் அமெரிக்கக் குடிமக்கள் வரிக்கணக்கைத் தாக்கல் செய்ய ஜூன் 15 கடைசி நாள். செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் வரும் கடிதங்கள் சுற்றிச்சுற்றி ஒன்றையே கேட்கின்றன: கணவருக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட், மனைவி இந்தியர், மனைவியையும் சேர்த்துக் கணக்குக் காட்டினால் லாபமாமே?

அமெரிக்க வரிச்சட்டத்தின் 6013-ஆம் பிரிவு அதற்கு வழிவிடுகிறது. மனைவியையும் அமெரிக்காவில் வசிப்பவராகவே கருதச் சம்மதம் என்று இருவரும் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். 2025 வருமானத்துக்கான நிலையான கழிவு 15,750 டாலரிலிருந்து 31,500 ஆகிவிடும். சலுகை என்று சொல்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்தக் கையெழுத்துக்குப் பிறகு, மனைவி உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இந்தியாவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் இந்தியா வரியே கேட்காத வருமானத்துக்கு எதைக் கழிப்பது? அவருடைய பி.பி.எஃப். வட்டிக்கு இங்கே வரியில்லை. திருநெல்வேலிப் பக்கம் பூர்வீக வயல் இருந்தால் அதன் குத்தகைப் பணத்துக்கும் இல்லை. இரண்டும் அமெரிக்கக் கணக்கில் ஏறும். சம்பளத்துக்கு 30 சதவீதம் வரை கட்டியிருக்கிறோமே என்றால், அது உதவாது. சம்பளத்துக்குக் கட்டிய வரி ஒரு கணக்கு, வட்டி, குத்தகை போன்றவற்றுக்குக் கட்டியது வேறு கணக்கு. ஒன்றில் மிஞ்சியதை மற்றதில் கழிக்க விடுவதில்லை. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளுக்கோ இன்னும் கடுமையான தனி விதிகள்.

இதை விருப்பத் தேர்வு என்கிறது அமெரிக்க வரித்துறை. முதல் ஆண்டில் அது விருப்பம்தான். பிறகு யாரும் கேட்காமலே ஆண்டுதோறும் தொடரும். ஒருமுறை ரத்து செய்தால் இருவரில் எவரும் வாழ்நாளில் மீண்டும் தேர்ந்தெடுக்க முடியாது. கூட்டாகத் தாக்கல் செய்த ஆண்டுகளில் கணவர் பாக்கி வைத்தால் முழுத் தொகைக்கும் மனைவியும் பொறுப்பு. இதைச் சொல்லாமல் ஒரு பெண்ணிடம் கையெழுத்து வாங்குவது அநியாயம்.

மனைவிக்குச் சொந்த வருமானமோ முதலீடோ இல்லையென்றால் சேர்ந்து காட்டுவது லாபமாகலாம். மற்றவர்கள் தனியாகக் காட்டுவதே நல்லது என்பது என் கருத்து. அமெரிக்கக் குடியுரிமையுள்ள பிள்ளை உடனிருந்து, குடும்பச் செலவில் பாதிக்கு மேல் கணவர் ஏற்றால், குடும்பத் தலைவர் என்ற வகையில் 23,625 டாலர் கழிவு கிடைக்கும். அதற்கு மனைவியின் கையெழுத்து தேவையில்லை.

மற்ற கேள்விகள்:

இந்தியாவில் சேர்ந்து தாக்கல் செய்யலாமா? முடியாது, ஆளுக்கொரு ரிட்டர்ன்.

கணவருக்கு இந்தியாவில் வரி உண்டா? பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, இங்கே தங்கிய நாட்களைத்தான் எண்ணுவார்கள்.

மனைவி பெயரில் டெபாசிட் போட்டால்? பணம் கணவருடையது என்றால் வட்டியும் அவர் கணக்கில்தான் சேரும்.

கோவா சிவில் சட்டத்துக்கு உட்பட்ட தம்பதி? சம்பளம் தவிர மற்ற வருமானம் பாதிப்பாதி.

இங்குள்ள வங்கிக் கணக்குகள்? கணவர் பெயருள்ளவை எல்லாம் சேர்ந்து ஒருநாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் தனி அறிக்கை. அக்டோபர் 15 வரை நேரம் உண்டு.

வரிப் பணத்தையும் ஜூனில் கட்டலாமா? கட்டலாம், ஆனால் ஏப்ரல் 15 முதலே வட்டி ஓடும்.